கைவிடப்பட்டேன் என்று ஓடிப்போன என் மகள்

சபையில் கூடியிருக்கிற எல்லாருக்கும் என் அன்பின் ஸ்தோத்திரம். என்னை உங்களுக்குத் தெரியும். பல வருஷமாகச் சனிக்கிழமை சாயங்காலம் இதே இடத்தில், கையில் ஒரு குச்சியோடு, பின்னால் ஒரு பெரிய படத்தைத் தொங்கவிட்டுத் தீர்க்கதரிசன வகுப்பு எடுத்தவன் நான். இன்றைக்குக் குச்சியும் கொண்டுவரவில்லை, படமும் கொண்டுவரவில்லை. போன நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் மகள் காணாமல் போனாள். அவளைத் தொலைத்தவன் நான்தான். திரும்பக் கொடுத்தவர் யார் என்று சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். நடுவில் குரல் உடைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜெயசீலன். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். வீடு திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து மூன்றாவது தெரு. மனைவி ரூபி அதே தெருவில் பிறந்து வளர்ந்தவள். எங்களுக்கு ஒரே மகள், ஷெரின். பத்து வயது. ஐந்தாம் வகுப்பு.

எனக்குப் பழைய சரித்திரம் என்றால் உயிர். நேபுகாத்நேச்சார் சொப்பனத்தில் கண்ட சிலை, அதன் பொன் தலை பாபிலோன், வெள்ளி மார்பு மேதிய பெர்சியா, வெண்கல வயிறு கிரேக்கு, இரும்புக் கால் ரோமாபுரி என்று குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவேன். கோரேசு ராஜா பிறப்பதற்கு முன்பே ஏசாயா அவன் பெயரைச் சொன்னதைச் சொல்வேன். அதெல்லாம் நல்ல பாடம்தான். அதை இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் வகுப்பின் கடைசி அரைமணி நேரத்தை எதற்கு வைத்திருந்தேன் என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். இயேசுவின் இரகசிய வருகை. எக்காளம் ஊதும். விசுவாசிகள் கண் இமைக்கும் நேரத்தில் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு மறைந்துபோவார்கள். துணி மட்டும் தரையில் கிடக்கும். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டே இருக்கும். கைவிடப்பட்டவர்கள் வீடு வீடாக ஓடிக் கதறுவார்கள். பிறகு அந்திக்கிறிஸ்துவின் ஆட்கள் வருவார்கள், நெற்றியிலோ கையிலோ முத்திரை போடுவார்கள், தெரிந்தவர் முகத்தோடும் குரலோடும் வந்து ஏமாற்றுவார்கள். இதில் பாதி வேதத்தில் உள்ளது. மீதி நான் அங்கங்கே கேட்டதும், என் வாயில் வளர்ந்ததும். கூட்டம் பயந்து அமைதியாகும்போது எனக்குள் ஒரு திருப்தி வரும். அதை மறைக்க விரும்பவில்லை.

ஷெரின் முதல் வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பாள். ரூபி வரமாட்டாள். சனிக்கிழமை அவளுக்குத் தையல் வேலை அதிகம்.

செப்டம்பர் மாத வாக்கில் பிள்ளையிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. காலையில் எழுந்ததும் எங்கள் கால்களைத் தொட்டுப் பார்ப்பாள். ரூபி குளியலறையில் இருந்தால் வெளியில் நின்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை "அம்மா, இருக்கியா?" என்று கேட்பாள். சாப்பாடு குறைந்தது. "புள்ள எதையோ பாத்து பயந்துகினு கீது, இன்னான்னு கேளுங்க" என்று ரூபி சொன்னாள். நான் கேட்கவில்லை. பிள்ளைக்குத் தேவபயம் வந்திருக்கிறது என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

ஒரு வகுப்பில் எருசலேமை ரோமர்கள் முற்றுகை போட்ட சரித்திரத்தைச் சொன்னேன். நகரம் வளைக்கப்படும்போது மலைகளுக்கு ஓடிப்போகும்படி ஆண்டவர் முன்னமே சொல்லியிருந்தார், அதை நினைவில் வைத்திருந்த விசுவாசிகள் யோர்தானுக்கு அப்பால் போய்த் தப்பினார்கள் என்று சொன்னேன். ஷெரின் கையைத் தூக்கினாள்.

"அப்பா, நம்ம ஊர்ல மலையே இல்லியே. நாம எங்க ஓடறது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கு முந்தின வாரம் தீரு பட்டணத்தைப் பிடிக்க அலெக்சாந்தர் இடிபாட்டுக் கல்லையும் மண்ணையும் கடலில் கொட்டிப் பாதை போட்ட கதையைச் சொல்லி, நம் கடற்கரையில் அலையைத் தடுக்க லாரி லாரியாகக் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கிறார்களே, தூண்டில் வளைவு, அதைத்தான் உதாரணம் காட்டியிருந்தேன். அந்த நினைப்பில், "நமக்கு அந்தக் கல்லுதான்மா மலை" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேன். அதை அன்றைக்கே மறந்தும் போனேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியும்போதே வானம் கறுத்திருந்தது. கடலில் காற்றழுத்தத் தாழ்வு, மீனவர்கள் போகவேண்டாம் என்று அறிவிப்பு. மழை வலுக்கிறது என்று பதினொன்றரை மணிக்கே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது. ரூபிக்கும் தெரியாது.

அதே நேரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அமுதாவுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. நிறைமாதம். புருஷன் வேலைக்குப் போயிருந்தார். அவள் போட்ட சத்தத்தில், அடுப்பில் சோற்றை வைத்திருந்த ரூபி, போட்டிருந்த நைட்டியைக் கழற்றிக் கட்டிலருகே போட்டுவிட்டு, ஒரு புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். அமுதாவின் வாசலில் கிடந்த யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு, அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கைபேசி கட்டிலிலேயே இருந்தது. கதவு திறந்தபடி. அடுப்பை அணைக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை ஷெரின் பல நாள் கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னாள். பள்ளியிலிருந்து நடந்து வரும்போது பக்கத்துக் கம்பெனி ஒன்றில் சங்கு ஊதியிருக்கிறது. வழக்கமான நேரம் இல்லை. மழைக்காக ஷிஃப்டை முன்னாடியே விட்டார்கள் போலிருக்கிறது. நீளமாக ஊதியது என்றாள். எக்காளம் என்று நினைத்துவிட்டாள். வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். கதவு திறந்திருக்கிறது. அம்மாவின் செருப்பு வாசலில். கட்டிலில் கைபேசி. தரையில் அம்மாவின் நைட்டி. அடுப்பில் சோறு பொங்கி வழிகிறது.

நான் படமாக வரைந்து காட்டியதெல்லாம் என் மகளின் கண் முன்னால் அப்படியே இருந்தது.

அடுப்பை அணைத்திருக்கிறாள். அமுதா வீட்டுக்கு ஓடினால் அங்கேயும் யாரும் இல்லை. நம் சபைக்கு ஓடி வந்திருக்கிறாள். பாஸ்டர் ஐயா அன்றைக்குச் செங்குன்றம் பக்கம் ஓர் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தார். சபை பூட்டியிருந்தது. நானும் போய்விட்டேன் என்றே நினைத்ததால் எனக்குப் போன் செய்து பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. திரும்பி வீட்டுக்கு வந்து, நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கடிதம் எழுதிக் கட்டிலில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

ஒன்றே முக்கால் மணிக்கு ரூபி எனக்குப் போன் செய்தாள். நான் யார்டில் மழைக்கோட்டோடு நின்று வண்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, பாப்பா உங்களாண்ட வந்தாளா?"

"இங்க எதுக்கு வரப்போறா? ஸ்கூல்ல இருப்பா."

"ஸ்கூலு வுட்டாச்சாம். அமுதா புருஷன் வந்ததும் நான் இப்பத்தான் வூட்டுக்கு வந்தேன். பாப்பா வந்துட்டு போயிருக்கா. அடுப்பு அணைஞ்சு கீது. ஒரு லெட்டர் எழுதி வெச்சிருக்காங்க. எனக்கு ஒண்ணுமே புரியல."

"படி."

அவள் படித்தாள். "இயேசப்பா, அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கினு போயிட்டீங்க. கணக்குப் பரீட்சை பேப்பர்ல அப்பா கையெழுத்த நானே போட்டேன். அதான் என்னை விட்டுட்டீங்க. சாரி. நான் முத்திரை போட்டுக்க மாட்டேன். அம்மாகிட்ட சொல்லிடுங்க."

படித்து முடித்ததும் அவளே கேட்டாள்.

"இன்னாங்க முத்திரை? யாரு போடுறாங்க முத்திரை? கூட்டிக்கினு போயிட்டாங்கன்னா இன்னா அர்த்தம்? எங்க போனா எம் பொண்ணு?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே நொடியில் எல்லாம் புரிந்தது. தண்ணீர் தேங்கிய தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் யார்டில் லாரி ஓட்டுகிற பாஷா பாய் ஓடி வந்து தூக்கினார்.

"இன்னா ஆச்சு மாமு?"

"என் பொண்ணக் காணோம் பாய்."

"எழுந்திரு. வண்டில ஏறு" என்றார். 

மணலியிலிருந்து வருகிற வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. மழையில் எதிரில் வருவது தெரியவில்லை. பாஷா பாயின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு லாரிச் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். பத்து வயதுப் பிள்ளை அழுதுகொண்டே இந்தச் சாலையைக் கடந்தால் மேலே உட்கார்ந்திருக்கிற டிரைவருக்குத் தெரியுமா? அந்த நினைப்பை விரட்ட முடியவில்லை. ஜெபிக்கலாம் என்றால் வார்த்தை வரவில்லை. எத்தனையோ பேருக்காக மணிக்கணக்கில் ஜெபித்த வாய் அது.

பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. சபை பூட்டியிருந்தது. ரயில் நிலையம் வரை போனோம். தெருப் பிள்ளைகள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. பிரசவச் செய்தி கேட்டு வந்திருந்த அமுதாவின் மாமனார் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். ரூபி தலைவிரி கோலமாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டையைப் பிடித்தாள்.

"இன்னா சொல்லிக் குடுத்தீங்க எம் பொண்ணுக்கு? சொல்லுங்க, இன்னா சொல்லிக் குடுத்தீங்க?"

சொன்னேன். தெருவில், மழையில் நின்று, நாலு வாக்கியத்தில் சொன்னேன். மேடையில் அதைச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆகும். அவள் சட்டையை விட்டாள். முகத்தைப் பார்க்காமல் திரும்பி, மறுபடி கூப்பிடத் தொடங்கினாள்.

நாலு மணி தாண்டிவிட்டது. வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. விரைவுச் சாலை ஓரத்தில் பாஷா பாய் வண்டியை நிறுத்திவிட்டு, "இனி எங்க மாமு?" என்று கேட்டார்.  அங்கேயே, லாரிகள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போகிற இடத்தில் முழங்கால் போட்டேன்.

"ஆண்டவரே, நான் கெடுத்துவிட்டேன். என் பிள்ளையை நானே பயமுறுத்தி விரட்டிவிட்டேன். எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உமக்குத் தெரியும். எங்கே ஓடினாள்? எங்கே ஓடினாள்?"

இவ்வளவுதான் நான் ஜெபித்தது. வானத்திலிருந்து சத்தம் கேட்டது என்று நான் சொல்லமாட்டேன். 'எங்கே ஓடினாள்' என்று என் வாய் கேட்டபோது, என் மகளின் குரல்தான் எனக்கு நினைவு வந்தது. நம்ம ஊர்ல மலையே இல்லியே. நாம எங்க ஓடறது?

அதற்கு நான் சொன்ன பதிலும் நினைவு வந்தது.

எழுந்து சாலையைக் கடந்து ஓடினேன். எந்த வண்டி வந்தது, எது நின்றது என்று எனக்குத் தெரியாது. பாஷா பாய் பின்னால் கத்திக்கொண்டே ஓடி வந்தார். ஓடிக்கொண்டே ரூபிக்கும் போன் செய்து சொன்னார்.

கரையோரம் முழுக்கக் கல். ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தூண்டில் வளைவுகள் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. அலை ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி அவற்றின் மேல் விழுந்துகொண்டிருந்தது. எதில் தேடுவது? கரையில் மீனவப் பெண் ஒருவர், கருவாட்டு மூட்டைகள் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். தனம்மா என்று பெயர். அன்றைக்கு வரை நான் அவரைப் பார்த்ததில்லை. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை வந்ததா என்று கேட்டேன்.

"உம் பொண்ணாபா அது?" என்று நிமிர்ந்து பார்த்தார். "மத்தியானம் வந்துச்சு. பை மாட்டிக்கினு. என்னாண்ட வந்து, ஆன்ட்டி, நீங்களும் கைவிடப்பட்டவங்களான்னு கேக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. இன்னாமா கண்ணுன்னு கிட்டக்க போனேன். எம் மொகத்த பாத்துச்சு. இந்த பொட்ட பாத்துச்சு. அப்டியே அலறிக்கினு ஓடுச்சுபா. நான் இன்னா பேயா பிசாசா?"

அவர் நெற்றியில் குங்குமப் பொட்டு மழையில் லேசாகக் கரைந்திருந்தது. நெற்றியில் முத்திரை. என் மகள் அதைத்தான் பார்த்திருக்கிறாள். அந்த அம்மாவின் முகத்தில் அப்போதும் அந்த வருத்தம் இருந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை.

"எந்தப் பக்கம் ஓடினா?"

"அதோ, அந்தக் கல்லு மேல ஏறுச்சு. நான் சத்தம் போட்டேன். அப்பறம் காணோம், வூட்டுக்குப் போயிட்டுச்சுன்னு நெனச்சேன். ஐயோ, அங்கியா கீது இன்னும்?" என்று தார்ப்பாயை விட்டுவிட்டு முன்னால் ஓடினார்.

கல் பாசி பிடித்து வழுக்கியது. தவழ்ந்து போனேன். பாதி தூரத்தில் அவள் பை தெரிந்தது. அதற்கு அப்பால் இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவில் ஒரு பள்ளம். உள்ளே நீல நிறப் பாவாடை. அலை அடிக்கும்போதெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் ஏறி இறங்கியது.

"ஷெரின்! அப்பா வந்துட்டேன்டா!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பாள், கை நீட்டுவாள் என்று நினைத்தேன். சகோதரரே, சகோதரிகளே, என் மகள் என்னைப் பார்த்துப் பயந்தாள். பின்னால் நகர்ந்து இன்னும் உள்ளே ஒடுங்கினாள்.

"போ! நீ எங்கப்பா இல்ல! எங்கப்பா இயேசப்பாகிட்ட போயிட்டாரு! நீ அவர் மாதிரி வந்திருக்க!"

தெரிந்த முகத்தோடு வருவான், நம்பாதே என்று சொல்லிக் கொடுத்தவன் நான். என் குரலை நம்பாமல் இருக்க என் பிள்ளைக்கு நானே கற்றுக் கொடுத்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயம் நான் பட்டதில்லை. கடலைப் பார்த்துக்கூட அப்படிப் பயப்படவில்லை.

"அப்பாதான்டா. நான் எங்கயும் போகலை."

"எங்கப்பா போகாம இருக்கமாட்டாரு! அவருக்கு எல்லா வசனமும் தெரியும்!"

அந்தக் கல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு நான் பேசினேன். அப்பாவும் தப்பு செய்தவன் என்று சொன்னேன். யார்டில் மேலதிகாரியிடம் பொய் சொன்னதைச் சொன்னேன். அம்மாவிடம் கோபப்பட்டுத் தட்டை வீசியதைச் சொன்னேன். வகுப்பில் தெரியாததையும் தெரிந்த மாதிரிச் சொன்னதைச் சொன்னேன். "எனக்குப் பயமா இருக்குடா ஷெரின்" என்றேன். அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. அலைச் சத்தத்தை மீறி வந்தது. ரூபி. கல்லின் மேல் தட்டுத்தடுமாறி வந்துகொண்டே கத்தினாள்.

"அடியே ஷெரினு! மழைல இன்னாடி பண்ணிகினு கீற அங்க? ஏறி வாடி மேல! போன மாசந்தான ஜுரம் வந்து படுத்த!"

ஷெரின் காதிலிருந்து கையை எடுத்தாள்.

"அம்மா?"

"அம்மாதான்டி! வேற யாரு உன்ன இப்டித் திட்டுவாங்க?"

"நீ போகலியா?"

ரூபி என் பக்கத்தில் வந்து விழுந்தாள். பள்ளத்துக்குள் தலையைத் தாழ்த்தினாள். திட்டு நின்றுவிட்டது. மெதுவாகச் சொன்னாள்.

"உன்ன வுட்டுட்டு நான் எந்தப் பரலோகத்துக்குடி போவேன்?"

அதற்குப் பிறகுதான் என் மகள் அழுதாள். வாய் விட்டு அழுதாள். "அம்மா, என் கால் வரமாட்டேங்குது" என்றாள். அப்போதுதான் பார்த்தோம். ஒரு காலின் ஷூ கல்லிடுக்கில் சிக்கியிருந்தது. பெரிய அலை ஒன்று வந்து எங்கள் எல்லாரையும் நனைத்துவிட்டுப் போனது. பள்ளத்தில் தண்ணீர் அவள் மார்பு வரை ஏறி இறங்கியது. நான் இறங்கப் பார்த்தேன், தோள் நுழையவில்லை. பாஷா பாய் என்னைவிடப் பருமன்.

தனம்மா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். மெலிந்த உடம்பு. "தள்ளுபா. கல்லு எனக்குத் தெரியும்" என்றார். இறங்குவதற்கு முன் ஒரு நொடி நின்றார். முந்தானையை எடுத்துத் தன் நெற்றியில் இருந்த பொட்டை அழுத்தித் துடைத்தார்.

"புள்ள பயப்படுது" என்றார்.

நமக்கு அது வெறும் பொட்டு. புருஷன் உயிரோடு இருக்கிற ஒரு பெண் தன் கையால் அதை அழிப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று திருவொற்றியூரில் வாழ்கிற நமக்குத் தெரியாதா? என் பிள்ளைக்காக, தன்னைப் பிசாசு என்று நினைத்து ஓடின பிள்ளைக்காக, அதைச் செய்தார்.

இறங்கி, தண்ணீருக்குள் கையை விட்டு, ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். "காலை மட்டும் உருவுமா கண்ணு. செருப்பு போனா போவுது" என்றார். அடுத்த அலை வருவதற்குள் பிள்ளையை இடுப்பில் பிடித்து மேலே தள்ளினார். பாஷா பாய் என் கால்களைப் பிடித்துக்கொள்ள, நான் குனிந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தேன். ரூபி என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். அந்த அலை வந்தபோது தனம்மா இன்னும் பள்ளத்துக்குள்தான் இருந்தார். தலை மறைந்து, மறுபடி தெரிந்தது. எப்படி அவரை மேலே இழுத்தோம் என்று எனக்கே தெரியவில்லை.

ஷெரினுக்குக் கணுக்காலில் தோல் உரிந்திருந்தது, முழங்கையில் சிராய்ப்பு. வேறு ஒரு சேதமும் இல்லை. மத்தியானத்திலிருந்து அந்தக் கடலுக்கு நடுவில் இருந்த பிள்ளைக்கு வேறு ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அமுதாவுக்கும் சுகப்பிரசவம். ஆண் குழந்தை.

வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குத் தலை துவட்டி, ரசம் சாதம் ஊட்டித் தூங்க வைத்த பிறகு ரூபி என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "நீங்க படிச்சவரு. எனக்கு அவ்ளோ வசனம் தெரியாது. ஆனா நான் ஜெபம் பண்ற ஆண்டவரு, கையெழுத்து போட்டதுக்காக ஒரு புள்ளையத் தனியா வுட்டுட்டுப் போறவரு இல்லீங்க." 

பிறகு வேதத்தை எடுத்தேன். எக்காளத்தையும் நாம் எடுத்துக்கொள்ளப்படுவதையும் பற்றி அப்போஸ்தலன் தெசலோனிக்கேயருக்கு எழுதின அதிகாரத்தைத் திறந்தேன். அதை நான் எத்தனை தடவை பிரசங்கித்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்குத்தான் அந்த அதிகாரத்தின் கடைசி வசனம் வரைக்கும் நின்று வாசித்தேன். இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றச் சொல்லி முடிகிறது. தேற்றுவதற்காக எழுதினதை எடுத்து நான் பிள்ளைகளை அடித்திருக்கிறேன். இத்தனை வருஷம் அந்தக் கடைசி வசனத்துக்கு முன்னாலேயே குச்சியை நிறுத்திவிடுவேன்.

கர்த்தர் வருவார். நான் அதை இன்னும் உறுதியாக நம்புகிறேன். பாபிலோன் விழுந்தது, தீரு விழுந்தது, அவர் சொன்ன ஒன்றும் தவறவில்லை. ஆனால் அவர் தேற்றுகிறவராக வருகிறார் என்பதை நான் மறந்து பாடம் எடுத்தேன். அதற்காக இந்தச் சபையின் முன்னால், முக்கியமாக என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளின் முன்னால், மன்னிப்புக் கேட்கிறேன். ராத்திரி பயத்தில் உங்கள் அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்த பிள்ளை இங்கே வேறு யாராவது இருந்தால், என்னிடம் வாருங்கள். நான் முழங்கால் போட்டு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மூன்று பேரும் தனம்மாவைப் பார்க்கப் போனோம். ஷெரின் "சாரி ஆன்ட்டி" என்றாள். தனம்மா அவள் கன்னத்தைக் கிள்ளி, "எதுக்குடி சாரி?" என்றார். நெற்றியில் பொட்டு பெரிதாக இருந்தது. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாஷா பாயிடம் நன்றி சொல்லப் போனால், "போ மாமு, வேலையப் பாரு" என்று விரட்டிவிட்டார். அன்றைக்கு என் ஜெபத்துக்குப் பதிலாகக் கர்த்தர் அனுப்பினது இந்த இரண்டு பேரையும், என் வகுப்புக்கு ஒருநாளும் வராத என் மனைவியையும்தான்.

பயம் முழுவதும் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஷெரின் இப்போதும் பள்ளியிலிருந்து வந்ததும் வாசலில் நின்று, உள்ளே காலை வைக்காமல், "அம்மா" என்று ஒரு தடவை கூப்பிடுவாள். ரூபி சமையலறையில் இருந்தாலும் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாலும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, "இங்க தான்டி கீறேன், வா" என்று குரல் கொடுப்பாள். பதில் வர ஒரு நிமிஷம் தாமதித்தால் பிள்ளையின் முகம் மாறும். ஆனால் பதில் வராமல் போனதில்லை. பதில் கேட்ட பிறகு அவள் ஷூவைக் கழற்றுவாள், பையை எறிவாள், பசிக்கிறது என்பாள்.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் ஆண்டவர் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று பயந்துகொண்டிருக்கிறவர் யாராவது இருக்கலாம். செய்த ஒரு தப்பை மனதில் வைத்துக்கொண்டு, இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று எங்கேயோ போய் ஒளிந்திருக்கலாம். நீங்கள் பெரிய ஜெபம் எதுவும் செய்ய வேண்டாம். எனக்கு அன்றைக்குச் சாலையோரத்தில் நாலைந்து வரிதான் வந்தது. இருக்கிற இடத்திலிருந்தே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். அவர் வீட்டில்தான் இருக்கிறார்.